ஆண் பிள்ளை தங்காத வீடு

அலமாரியைத் திறந்தவுடன் குளுகுளுவென்று மூக்கில் ஏறி, கண்ணோரத்தை லேசாக எரியவைத்து, தொண்டையில் ஏதோ இனிப்புப்போல் தங்கிவிடும், துணி அரிக்காமல் இருக்கப் போடும் "பூச்சி உருண்டை" வாசனை பிடிக்காதவர்கள் குறைவு. கல்யாணப் பட்டு, தீபாவளிச் சட்டை, வெளியூர் போய் வந்த பெட்டி என்று நல்ல சேதிகளோடு சேர்ந்தே வரும் வாசனை அது. போன மாதம் பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு துணிக்கடைக்காரர் பழைய கட்டு ஒன்றை உதறிப் போட்டபோது அது குப்பென்று அடித்தது. "என்னக்கா, கலர் பிடிக்கலையா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் கடைக்கு முன்னாலிருக்கும் "அஞ்சடி" நடைபாதைக்கு ஓடி வந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி இப்படி ஓடுவது பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். இருக்கட்டும், அவர்களுக்கு என் தம்பியின் கதை தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயது. டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் "ஷிப்டு" வேலை, அம்மா முழுகாமல் இருந்தார். அந்தச் செய்தியில் மகிழ்ச்சியைவிடப் பயம்தான் அதிகம் என்பது எனக்கே தெரிந்திருந்தது, ஏனென்றால் அப்பாவின் அக்காவான என் அத்தை எதையும் மறைத்துப் பேசும் நாகரிகத்தை வைத்துக்கொண்டவர் அல்லர். "பொண்ணா பொறக்கணும்னு வேண்டிக்க லா. ஒங்க வீட்டுலதான் ஆம்பளப் புள்ள தங்காதே" என்று வரும்போதெல்லாம் அம்மாவின் வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குவார்.

அவர் சொன்னது அம்மா பிறந்த வீட்டை. கடலுக்கு அக்கரையிலுள்ள பத்து காவான் தோட்டத்தில் அம்மாவுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் பத்து நாளைத் தாண்டவில்லை. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பெற்ற இரண்டு மகன்களும் அப்படியே போனார்கள். நால்வருமே கண் மஞ்சளாகி, பால் குடிப்பதை விட்டு, உடம்பு வில்லாக வளைந்து இறந்தார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே போனதால் அவர்களைச் சொல்லி அழக்கூடப் பெயர் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தலைவலியும் வந்ததில்லை. நாகதோஷம் என்று சிலரும் செய்வினை என்று சிலரும் சொன்னார்கள். அத்தை மட்டும் சுருக்கமாக "ரத்தம்" என்பார். அவர் வாழ்நாளில் சொன்ன பாதி உண்மை அது ஒன்றுதான் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

தம்பி பிறந்தான். தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு சத்து இவனுக்குக் குறைவு, "ஜி சிக்ஸ் பி டி" என்று அதற்குப் பெயர் என்று சொல்லி, அவனைச் சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து, ஒரு கார்டையும் கொடுத்து அனுப்பினார்கள். பெரியம்மா அன்றே படகேறி வந்துவிட்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் மற்றவர் பிள்ளையைத் தூக்குவதில் ஒரு நடுக்கம் இருக்கும், அவருக்கும் இருந்தது. கார்டு மலாய் மொழியில் இருந்ததால் வீட்டில் அதை ஒழுங்காக வாசிக்கக்கூடிய நான் நடுக்கூடத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னேன்: இன்னின்ன மாத்திரை கூடாது, அவரை வகையில் இன்னது கூடாது, சீன மருந்துக்கடை வேர்கள் கூடாது, பூச்சி உருண்டை கூடாது.

பெரியம்மா சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். "பூச்சி உருண்டைய யாரு லா பச்சப் புள்ளைக்கு ஊட்டப் போறா? எழுதறவனுக்கு வேற வேல இல்ல" என்றார். அம்மாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தக் கார்டு முழுவதையும் சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியல் என்றே நாங்கள் மூவரும் எடுத்துக்கொண்டோம்; ஒரு வாசனை குழந்தைக்குள் போய் ரத்தத்தைக் கெடுக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அம்மா அன்றிலிருந்து அவரைக்காயைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

சிரித்த கையோடு பெரியம்மா தன் பையைத் திறந்து ஓர் அரக்கு நிறச் சேலையை எடுத்தார். அம்மாவைப் பெற்றவரின் கல்யாணச் சேலை அது, நூல் சேலை, தொட்டால் குழந்தையின் காதுமடல்போல மெத்தென்று இருக்கும். அந்தக் குடும்பத்தில் பிறக்கும் எந்தப் பிள்ளையும் முதலில் அதில்தான் கிடக்க வேண்டும்; பெரியம்மா கிடந்தார், அம்மா கிடந்தார், நானும் கிடந்தேன். பிள்ளைப்பேறு இல்லாத நாளில் அது டிரங்குப் பெட்டியின் அடியில் கைநிறையப் பூச்சி உருண்டைகளோடு உறங்கும். பெரியம்மா தம்பிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இடுக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே சேலையால் சுற்றி, அதிலேயே தொட்டிலும் கட்டிக் கிடத்தினார். கூடம் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை அடித்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் அம்மா அவன் மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். விரல் பட்ட இடம் மஞ்சளாக இருந்தது. ஜன்னல் வெயிலில் காட்டினால் சரியாகும் என்று பெரியம்மா சொல்ல, அதே சேலையில் சுற்றியபடியே வெயிலில் காட்டினோம். பத்து மணிக்குக் கண்ணின் வெள்ளை மஞ்சளானது. பதினொரு மணிக்குப் பால் குடிக்கவில்லை. அணையாடையில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்ததைப் பார்த்ததும் அம்மா எழுந்து செருப்பைத் தேடினார். பெரியம்மா கதவை மறித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன எதுவும் திரும்பலடி, நானும் ரெண்டு தடவ தூக்கிட்டு ஓடுனவதானே, வேணாம்டி" என்று அழுதார். அம்மா தன் அக்காவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று அக்காவின் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, "கார்ட எடுத்துட்டு வா பாப்பா" என்று என்னிடம் கத்திக்கொண்டே படியிறங்கினார்.

கீழ்வீட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மாமா பாதிச் சோற்றில் கைகழுவி எழுந்து வேனை எடுத்தார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தம்பி அழுதால் நல்லது என்று காத்திருந்தேன், அவன் அழவே இல்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் "மிஸ்ஸி" என்று அழைக்கும் ஒரு தமிழ் நர்ஸ் அவனை வாங்கி மேசையில் கிடத்திச் சேலையை அவிழ்த்தவர், பாதியில் நின்று, துணியை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இதுல பூச்சி உருண்டை போட்டு வச்சிருந்தீங்களாம்மா?"

அம்மா தலையசைத்தார்.

"எண்ணெ தேச்சுட்டு இதுலயா சுத்துனீங்க? ஐயோ, எண்ணெ இருந்தா அது இன்னும் சீக்கிரமா உள்ள ஏறுமேம்மா! கார்டு குடுக்கலையா ஒங்களுக்கு?"

கார்டு என் கையில் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இன்றுவரை என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். அது போதாது, உடம்பிலுள்ள ரத்தத்தையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொல்லி, தொழிற்சாலைச் சட்டையோடு ஓடிவந்த அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. சாயங்காலம் மிஸ்ஸி வந்து "அழறான்" என்று ஒரு சொல் சொன்னபோதுதான் அம்மா தரையிலேயே உட்கார்ந்தார். தம்பி பிழைத்தான். இடது காது மட்டும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் இன்று மனைவி சொல்வதில் பாதி கேட்கவில்லை என்று சமாளிக்கிறான்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா அந்தச் சேலையை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து முடிச்சுப் போட்டு அப்பாவிடம் கொடுத்து, "அக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா செத்துரும். பாப்பா, ஒனக்குஞ் சேத்துத்தான் சொல்றேன்" என்றார். அப்பா அதை எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் பெரியம்மா ஒரே ஒரு முறை, "சேல எங்கடி?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில தொலஞ்சுபோச்சுக்கா" என்றார் அம்மா. பெரியம்மா அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறந்துவிட்டார் என்று நாங்கள் நிம்மதியடைந்தோம்.

பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்து உயிரியல் பாடத்தில் மரபு பற்றி வந்தது. தாயின் குணமும் தந்தையின் குணமும் பாலும் தேநீரும்போலக் கலந்துவிடும் என்றுதான் பெரிய படிப்பாளிகளே ஒரு காலத்தில் நம்பினார்களாம். ஐரோப்பாவில் ஒரு துறவி, மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் இனம் கலந்து வளர்த்து, விதைகளை எண்ணி எண்ணி, அவை கலப்பதில்லை, தனித்தனியாகவே இருக்கின்றன, ஒரு தலைமுறையில் ஒளிந்து அடுத்ததில் தலைகாட்டுகின்றன என்று கண்டார். யாரும் காது கொடுக்கவில்லை, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் உலகம் அவர் சொன்னதைத் தேடி எடுத்தது. பிறகு வெள்ளைக் கண்ணுள்ள ஒரு பழ ஈயை வைத்து, சில குறைகள் எக்ஸ் குரோமோசோமில் ஏறிப் பயணம் செய்கின்றன என்று வேறொருவர் காட்டினார். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மா கொடுத்தது. ஆசிரியை பட்டாணிக்குப் போட்ட கட்டத்தில் நான் எங்கள் வீட்டுப் பெயர்களை எழுதினேன். நான்கு கட்டங்களுக்குப் பெயர் இல்லை.

அத்தை சொன்ன ரத்தம் அங்கே இருந்தது, ஆனால் அந்தக் கட்டத்தில் சேலைக்கு இடமில்லை. இந்தக் குறையோடு பினாங்கில் எத்தனையோ ஆண்கள் நன்றாக வாழ்கிறார்கள். எங்கள் வீட்டில் தாயிடமிருந்து மகளுக்கு இரண்டு சொத்துகள் வந்தன, ஒன்று உடம்பில், மற்றொன்று டிரங்குப் பெட்டியில். ஆண் பிள்ளையின் தொட்டிலில் இரண்டும் சேர்ந்துகொண்டன. அந்த வாரமே ஒரு விருந்தில் அத்தை பெரியம்மாவைப் பார்த்து மறுபடி "தோஷம் புடிச்ச வீடு" என்று தொடங்கியபோது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டிவிடலாம் என்று எழுந்தேன். அம்மா மேசைக்கடியில் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

என் மகன் பிறந்தபோது அதே கார்டு எனக்கும் வந்தது. அம்மாவின் இரண்டு எக்ஸில் எது எனக்கு வந்ததென்று அன்று தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த மறுநாள் பெரியம்மா வந்தார், தலை முழுக்க வெள்ளை. நான் உள்கதவைத் திறந்ததும், இரும்புக் கம்பிக் கதவைத் திறக்க விடாமல் வெளியிலேயே நின்று, கம்பிகளின் வழியாக ஒரு வெள்ளைத் துணியை நீட்டினார்.

"புதுத் துணி. மூணு தடவ தொவச்சு வெயில்ல காயப்போட்டேன். மோந்து பாரு பாப்பா. பாத்துட்டு உள்ள கொண்டு போ."

மோந்து பார்த்தேன். சவர்க்காரமும் வெயிலும்தான் இருந்தன. "பெரிம்மா, ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"சேல தொலஞ்சுபோச்சுன்ன அன்னிக்கே தெரியும்" என்றார். "கார்ட நீ படிச்சப்போ நான்தானே சிரிச்சேன்."

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் அவரிடம் மறைத்ததாக நினைத்தோம். அவர் தெரிந்துகொண்டே, தன் இரண்டு மகன்களையும் எந்தக் கையால் அந்தச் சேலையில் சுற்றினாரோ அந்தக் கையாலேயே எங்கள் வீட்டு விருந்துகளில் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் இரும்புக் கதவைத் திறந்து, மகனைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் வெகுநேரம் தூக்கி வைத்திருந்தார்.

பெரியம்மா போய் மூன்று வருடமாகிறது. நான் வேலைக்குப் பாலத்தைக் கடந்து பத்து காவானுக்குத்தான் போகிறேன்; தோட்டத்து வீடுகளும் இல்லை, பெயரில்லாத அந்த நால்வரைப் புதைத்த மேடும் இல்லை, தொழிற்சாலைகளுக்கு நடுவே எது அந்த இடம் என்று காட்ட ஆளும் இல்லை. என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அந்தக் கார்டை அவனே வாசிப்பான். பெரியம்மா தந்த வெள்ளைத் துணியை அலமாரியில் ஒன்றும் போடாமல் வைத்திருக்கிறேன். போன வாரம் எடுத்துப் பார்த்தேன், பூச்சி அரித்து நாலைந்து ஓட்டை விழுந்திருக்கிறது. அரிக்கட்டும் என்று மடித்து வைத்துவிட்டேன்.