துவக்குக்குப் பிணை நிற்கிற நீக்கிலாப்பிள்ளை

முருங்கைக்காயை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் அதன் நீளத்துக்குப் பார்க்கிறார் நீக்கிலாப்பிள்ளை. "உது கோணல்." வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். அதுவும் கோணல். ரெக்ஸ்டேலில் தமிழ்க்கடை நடத்தும் கிளடிஸ் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "அண்ணை, கறிக்கோ, கூரைக்கு வளை போடவோ?"

"கறிக்குத்தான் பிள்ளை. எண்டாலும் நேராய் இருந்தால் என்ன குறைஞ்சு போச்சு?"

கண்ணை மூடுவது தொழிலால் வந்த பழக்கம். கடைக்கு இரண்டு பஸ் தரிப்பு தள்ளி, இருபத்திரண்டு பேர் வேலை செய்யும் சின்னத் துவக்குக் கொம்பனி ஒன்று இருக்கிறது. மான், மரை சுடுகிறவர்களுக்கான துவக்குகள். வாங்கியவர் பழுதென்று திருப்பி அனுப்பினால் பெட்டியைத் திறப்பவர் நீக்கிலாப்பிள்ளை. ஆணி கழன்றது, குறி விலகியது, கட்டை வெடித்தது எல்லாம் அவருடைய மேசைக்குத்தான் வரும். ஐந்து வருட வாறண்டி. கொம்பனி சிறிது, திரும்பி வரும் பெட்டிகளுக்கு மட்டும் குறைவில்லை. "செய்யிறது பத்துப் பேர் மாமா, திருத்துறது நான் ஒராள்" என்பார் என்னிடம். ஊரில் வள்ளத்து எஞ்சின் திருத்திய கை.

அவருடைய தாய் மக்டலீன் எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஊரில், பேசாலையில் இருக்கிறார். மகனுக்குக் குழாய்க் கொம்பனியில் வேலை என்றுதான் அவருக்குத் தெரியும். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் இஞ்சை துவக்குத் திருத்துறான் எண்டு எப்பிடி எழுதுறது?" என்பார் நீக்கிலாப்பிள்ளை. அக்கா விடுகிற ஆளில்லை. தண்ணீர்க் குழாயோ, கக்கூசுக் குழாயோ என்று போன கடிதத்தில் கேட்டிருந்தார். அக்காவின் தகப்பன் சவீரியாரும் அப்படித்தான். கன்று வாங்கப் போனால் தாய்ப்பசுவையும் கொண்டுவந்து காட்டு என்று நிற்பார்.

போன தை மாதம் வடக்கேயிருந்து ஒரு துவக்கு மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். மரை தொண்ணூறு அடி தூரத்தில் நின்றதாம். வேட்டைக்காரர் விசையை இழுத்தாராம். துவக்குச் சுடவில்லை. மரை இன்னும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டுப் போனதாம்.

கொம்பனியில் வைத்துச் சுட்டால் துவக்கு நன்றாகத்தான் சுட்டது. முதலாளிக்கு அலுத்துவிட்டது. பிழை பாவித்தவருடையது, வாறண்டி செல்லாது என்று ஒரு படிவத்தை நிரப்பி, நீக்கிலாப்பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்டார். முதலாளி வெள்ளைக்காரர். ஆனால் நீக்கிலாப்பிள்ளை சொல்லும் கதையில் அவர் நல்ல ஊர்த் தமிழ்தான் பேசுவார்.

"இஞ்சை பார் நிக், இமிக்கிறேசனுக்கு உனக்கு வேலைக் கடிதம் வேணுமெண்டனியெல்லே? நீ உதிலை ஒரு கையெழுத்து வை. நான் அதிலை ஒண்டு வைக்கிறன்."

அந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த மாத நேர்முகத்துக்குப் போக முடியாது. மனைவி பேர்ணடெற்றும் மூன்று பிள்ளைகளும் இங்கேயே தங்கக் கேட்ட அவருடைய விண்ணப்பத்தில்தான் இருக்கிறார்கள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை தாங்கோ" என்று கேட்டு வாங்கினார்.

வியாழன் காலை பேர்ணடெற் மீன் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள். அறக்குளாத் துண்டுகளுக்கு நடுவில் அரையடி இரும்பு.

"இஞ்சேருங்கோ, உதென்ன?"

"போல்ட். துவக்கின்ரை உள்சாமான். தொடாதை, குளிரட்டும்."

"என்ரை மாதாவே! பொலிஸ் வந்து திறந்தால் என்ன சொல்லுறது? நாங்கள் மீனைச் சுட்டுத்தான் பிடிக்கிறனாங்கள் எண்டோ?"

"கொம்பனிக் கொப்பியிலை எழுதிப்போட்டுத்தான் கொண்டந்தனான். ஒரு போல்ட், வீட்டு மீன்பெட்டிக்கு எண்டு."

துவக்கின் உள்சாமானுக்குப் பூச முதலாளி கோடையில் மலிவாக வாங்கிய புது எண்ணெயில்தான் நீக்கிலாப்பிள்ளைக்குச் சந்தேகம். கொம்பனிக்குள் எப்போதும் சூடு. வடக்கின் குளிரில் அந்த எண்ணெய் மாட்டுக்கொழுப்பாக உறைந்தால்? "குளிருக்கை பிழைக்கிற சாமானைச் சூட்டுக்கை வைச்சுப் பார்த்தால் தெரியுமோ மாமா?"

வெள்ளிக்கிழமை, பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போல்ட்டை வைத்து, குளிர் போகாமல் சுற்றிவர உறைந்த அறக்குளாவை அடுக்கி மூடினார். "கடிதம் வராட்டிலும் மீனையெண்டாலும் திருப்பிக் கொண்டு வாங்கோ" என்று பேர்ணடெற் வாசல்வரை வந்து சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தரிப்புக்கு முன்பே இறங்கிவிட்டாராம்.

பெட்டியைத் திறந்ததும் முதலாளி மூக்கைப் பிடித்தார். "என்ன நிக், வாறண்டியோடை மீனும் குடுக்கிறமோ?"

நீக்கிலாப்பிள்ளை மேசையில் கிடந்த இன்னொரு போல்ட்டை எடுத்து வாலைத் திருகினார். உள்ளே இருக்கும் ஊசி 'டக்' என்று முன்னுக்குப் பாய்ந்தது. தோட்டாவைத் தட்டிச் சுட வைப்பது அந்த ஊசிதான். பிறகு மீனுக்குள் இருந்ததை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தார்.

முதலாளி திருகினார். ஊசி, கிழவன் கட்டிலால் இறங்குகிற மாதிரி மெல்ல வெளிக்கிட்டு, பாதியில் நின்று யோசித்தது. இன்னொரு தடவை திருகினார். அதே கிழவன். மூன்றாம் தடவை கிழவன் எழும்பவே இல்லை. வேலையை விட்டுவிட்டு எட்டுப் பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். படிவம் மேசையில் கிடந்தது, பேனை அதன்மேல்.

"நான் வைக்க மாட்டன்" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "பிழை ஆரின்ரை எண்டு அந்த மரைக்கே தெரியும்."

முதலாளி மீனைப் பார்த்தார். எண்ணெய்ப் பீப்பாவைப் பார்த்தார். கடைசியில் படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடைக்குள் போட்டுவிட்டு, வேலைக் கடிதம் அடிக்கத் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

நீக்கிலாப்பிள்ளை குனிந்து கூடைக்குள் கையை விட்டார். இரண்டு துண்டையும் எடுத்து மேசையில் பொருத்தி வைத்துப் பார்த்தார். கையெழுத்துக்கான கோடு கீழ்த்துண்டில் முழுசாக இருந்தது. அதை நடுவாலே கிழித்துவிட்டு, திரும்பவும் கூடைக்குள் போட்டார்.