தட்டிப் பார்க்கிற கொளஞ்சி

ஒரு நாளைக்கு எண்ணூறு ஜாடி. விருத்தாசலத்து செராமிக் யூனிட் ஒன்றில் கொளஞ்சிநாதன் பதினோரு வருடம் தட்டிப் பார்த்த கணக்கு இது. சூளையிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடியை விரல் முட்டியால் தட்டுவார். ‘ணங்’ என்றால் நல்ல சரக்கு. ‘சொத்’ என்றால் எங்கோ விரிசல், ஒதுக்கிவிடுவார். வீட்டில் சோற்றுத் தட்டைக்கூடத் தட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார் என்பது அவர் மனைவி பார்வதியின் புகார்.

1991இல் ஓமன் போனார். மொட்டை மலைகளுக்கு நடுவே ஒரு தாமிரச் சுரங்கம். தாமிரம் உருக்கும் உலைக்கு வருகிற, சூடு தாங்கும் செங்கற்களைத் தட்டிப் பார்க்கும் வேலை. முகாமில் இருந்த தொண்ணூறு பேருக்கும் தண்ணீர், மலைமேல் ஒரு ஊற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இரும்புக் குழாயில் இறங்கி வந்தது.

நான்காவது மாதம் திடீர் மழை, காட்டாற்று வெள்ளம். பாதை அறுந்தது, தண்ணீர் லாரியும் வர வழியில்லை. குழாயில் எங்கோ அடைப்பு. மாலைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் வேலையை நிறுத்தி எல்லோரையும் நடத்தியே வெளியேற்றி ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார் இன்ஜினியர். முந்நூறுக்கு மேல் இணைப்புகள். ஒவ்வொன்றாகக் கழற்ற ஒரு வாரமாகும்.

கொளஞ்சிநாதன் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, குழாயைத் தட்டியபடியே மலையேறினார். கூடவே மங்கலம்பேட்டைக்காரரான டிரைவர் பக்கிரி முகமது. முகாமிலிருந்து மேலே எல்லாக் குழாயும் ‘ணங், ணங்’. நல்ல சரக்கு என்று தெம்பாக நடந்தார். பாதி தூரம் தாண்டி, ஒரு வளைவில் ‘சொத்’. அடுத்ததும் ‘சொத்’. அதற்கடுத்ததும். அவர் முகம் சுண்டிப்போனது.

“போச்சு பாய். இங்கேருந்து மேல எல்லாமே வெடிச்ச சரக்கு.”

பக்கிரி குழாயைக் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

“வெடிச்சிருந்தா ஒழுவணும்ல? தண்ணி ரொப்புன ஜாடிய என்னைக்காவது தட்டியிருக்கியா கொளஞ்சி?”

தட்டியதில்லை. பதினோரு வருடமும் தட்டியது காலி ஜாடி. இங்கே ‘ணங்’ என்றது காலிக் குழாய். ‘சொத்’ என்றது தண்ணீர். கொளஞ்சிநாதன் பாறைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

பிறகு இருவரும், தண்ணீர் தாண்டி வர முடியாமல் நின்ற அந்த வளைவைக் கழற்றினார்கள். சேறும் கூழாங்கல்லும் கொட்டின. பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சியடித்து இருவரையும் நனைத்தது. திரும்ப முறுக்கிவிட்டு இறங்கியபோது கீழே தொட்டி பாதி நிரம்பியிருந்தது. ஆட்கள் விசிலடித்துக்கொண்டே குளித்தார்கள். பக்கிரி சும்மா இருப்பாரா? அன்றைக்கே முகாமில் கொளஞ்சிநாதனுக்கு ‘வெடிச்ச சரக்கு’ என்று பெயராகிவிட்டது.

1996இல் ஊர் திரும்பும்வரை, வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் குழாயைத் தட்டிப் பார்த்து வருவதும் அவர் வேலையானது.