கருவாட்டுக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினி

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல், நீலகிரியில் எஸ்டேட்டுகள் வேலை நாட்களைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. வசதியில்லாத நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்காக மலிவு விலை மடிக்கணினி வடிவமைக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில், கோவையில் வேலை பார்த்தேன். சோதனைக்காகக் குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கு இருபது கணினிகள் கொடுத்திருந்தோம். அவை ஒரு மழைக்காலத்தைத் தாங்கினால்தான் திட்டம் தொடரும், இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவேன் என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

மழை விடுமுறை முடிந்ததும் போனேன். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் கணினிகளை விடுமுறையில் திரும்ப வாங்கி, பள்ளியின் இரும்பு பீரோவில்தான் பூட்டி வைக்க வேண்டும் என்பது என் கண்டிப்பான உத்தரவு. அதை ஒரு தாளில் எழுதி பீரோக் கதவில் ஒட்டியும் இருந்தேன். அந்தத் தாளிலேயே பூஞ்சை பிடித்திருந்தது.

ஆசிரியை தயங்கித் தயங்கி, "பதிமூணுதானுங்க சார் வந்துச்சு. ஏழு ஊட்டுல குடுக்கலைங்க" என்றார்.

பதிமூன்றையும் மின்சாரம் கொடுத்து இயக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. சூடு வெளியேற நான் வைத்திருந்த துளைகள் வழியாக ஈரம் சாவகாசமாக உள்ளே குடியேறியிருந்தது.

மிச்சமுள்ள ஏழு கணினிகளையாவது பார்ப்போம் என்று, தொழிலாளர்கள் காம்பரா என்று சொல்லும் ஓரறை லைன் வீடுகளுக்கு ஆசிரியையுடன் நடந்தேன். முதல் வீடு, சிறு வயதில் இலங்கையிலிருந்து வந்து இங்கே கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுடையது. அடுப்புக்கு மேலே தொங்கிய மூங்கில் தட்டியில் விறகு, உப்பு, தீப்பெட்டி, கருவாடு. அதற்குப் பக்கத்தில், புகை படிந்து பழுப்பேறிய என் மடிக்கணினி! வந்ததே கோபம். "நெருப்புக்கு மேல யாராவது கம்ப்யூட்டரை வைப்பாங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் அசரவில்லை. "கோவிச்சுக்காதீங்க சார். இந்த மழைக்கு நம்ம காம்பராவுல காஞ்சு கெடக்கிற எடம் இது ஒண்ணுதான். கீழ வச்சா தீப்பெட்டியே நமத்து, குச்சி பத்திக்காது. பீரோவுல நமத்துப் போயிரும்னுதான் நாங்க குடுக்கல. எங்களுக்கு வாரத்துல மூணு நாளுதான் வேல. புள்ளைக்காவது ஒரு வழி பொறக்கட்டும்னு பாக்குறோம். அத நாங்க கெட விடுவோமா?"

அவர் மகள் அதை இறக்கி, துணியால் துடைத்து, பொத்தானை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. ஏழு வீட்டிலும் ஏழும் ஓடின. பள்ளிக்கு ஓடி, செத்துக் கிடந்த பதிமூன்றையும் தூக்கி வந்தேன்.

அவற்றைக் காயவைக்க அந்த அம்மாவே அக்கம்பக்கத்து அடுப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். தட்டியில் கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் தொட்டுப் பார்த்துச் சொன்னார். குன்னூரில் அறை எடுத்து, சோறு இறங்காமல் நான்கு நாள் காத்திருந்தேன். ஐந்தாம் நாள், ஒன்றைத் தவிர எல்லாம் பிழைத்துக்கொண்டன. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். அடுத்த மாதிரியில் துளைகளை அடைத்து, சூட்டுக்கு வேறு வழி செய்தோம். திட்டமும் தப்பியது.

இப்போதெல்லாம் எந்த ஊருக்கு எதை வடிவமைத்தாலும், உத்தரவு எழுத உட்காருவதற்கு முன், வீட்டில் தீப்பெட்டியை எங்கே வைப்பீர்கள் என்று அங்கே யாரிடமாவது கேட்டுவிடுகிறேன். அன்று என் பேச்சைக் கேட்காத ஏழு வீடுகளால்தானே நான் பிழைத்தேன்.