கைரேகைத் துப்பாக்கியும் நிலாவின் விரலும்

1. தொடக்கூடாது

துப்பாக்கி கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி, துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பதுதான்.

நான் அப்போது ஹெச்-ஒன்பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தேன். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் ஒரு சின்ன ஸ்டார்ட்-அப். அவர்கள் செய்தது ஸ்மார்ட் கன். கைப்பிடியில் கைரேகை சென்சார் இருக்கும். பதிவு செய்த விரல் பட்டால் பச்சை விளக்கு எரிந்து பூட்டு விடுபடும். வேறு விரல் என்றால் சிவப்பு விளக்கு. என்ன அழுத்தினாலும் சுடாது. அதற்கு முன் ஃபோன்களுக்கான சென்சாரை டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தவன் நான். கம்பெனி வக்கீல் என்னை உட்கார வைத்து, உங்கள் விசாவில் இருப்பவர் கையில் துப்பாக்கி இருந்தால் உங்களுக்கும் கம்பெனிக்கும் வம்பு, சென்சார் மாட்யூலை மட்டும் மேசையில் வைத்து வேலை பாருங்கள் என்றார். சமையல்காரனிடம் அடுப்பங்கரைக்குள் வராதே என்பதைப் போல இருந்தது. சரி என்றேன். வேறென்ன சொல்வது.

பல விரல்களில் சோதிப்பது என் வேலை. ஈர விரல், எண்ணெய் விரல், வெடித்த விரல். வீட்டுக்கும் ஒரு மாட்யூலை எடுத்துப்போய், வடை தட்டிக்கொண்டிருந்த மனைவியின் விரலை வாங்கி வைத்துப் பார்த்திருக்கிறேன்.

"ஊர்ல கேட்டா என்ன வேலைன்னு சொல்றது?" என்றாள் ஒரு நாள்.

"சென்சார்னு சொல்லு."

"எதோட சென்சார்னு கேப்பாங்களே."

நான் அவளுடைய அடுத்த விரலை வாங்கி மாட்யூலில் வைத்தேன். அவள் பிறந்தது சிங்கப்பூரில். அந்தக் கணக்கில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கான நீண்ட வரிசையில் நிற்காமல், எனக்கு கிரீன் கார்டு சீக்கிரமே வந்துவிட்டது. அதன் பிறகுதான் நான் டெஸ்ட் பண்ணிய சாமானைக் கையில் பிடித்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பெருமையா பயமா என்று சொல்லத் தெரியாமல் கீழே வைத்துவிட்டேன்.

2. இரண்டு பக்கமும் திட்டு

கார்டு வந்ததும் மேனேஜர் கெவின் என்னை வெளியூர் டெமோக்களுக்கு அனுப்பத் தொடங்கினார். முதலில் நியூ ஜெர்சி. குழந்தை கையில் சுடாத துப்பாக்கியை யார்தான் வேண்டாம் என்பார்கள் என்ற நம்பிக்கையோடு ஒரு துப்பாக்கிக் கடைக்குள் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். காபி கொடுத்தார், பையை மட்டும் திறக்க வேண்டாம் என்றார். அந்த மாநிலத்தில் முன்பு ஒரு சட்டம் இருந்ததாம். இப்படி ஒரு துப்பாக்கி சந்தைக்கு வந்துவிட்டால், சில வருடங்களில் சாதாரணக் கைத்துப்பாக்கியைக் கடைகளில் விற்கவே கூடாது என்று. பிறகு அதை மாற்றி, கடையில் ஒன்றையாவது வைத்திருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். அவருக்கு அந்த மாற்றத்தில் நம்பிக்கை இல்லை. அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "உன் மேல எனக்குக் கோவமில்லப்பா. ஆனா நீ உள்ள வந்தா, பின்னாடியே கவர்மெண்ட் வருது. அதுவும் போகட்டும், உன் ஃபோன் என்னிக்காவது விரல் வெச்சும் திறக்காம இருந்திருக்கா?"

இருந்திருக்கிறது. அன்று காலையிலேயே திறக்கவில்லை. காபிக்கு நன்றி சொல்லிப் பையை எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை அதே மாநிலத்தில் பிஸ்கட்டவேயில் நண்பர் வீட்டில் சாப்பாடு. நண்பரின் மனைவி குழந்தைகளுக்கான டாக்டர். சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "சேஃப் கன்னு நீங்க சொல்லிச் சொல்லி, வேண்டாம்னு இருந்தவங்களும் வாங்கிடுவாங்க இல்ல?"

துப்பாக்கி பிடித்தவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை, பிடிக்காதவருக்கும் பிடிக்கவில்லை. பாதுகாப்பான ஒன்றைச் செய்துவிட்டு எதற்கு இப்படி இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம் என்று யோசித்து யோசித்து, விமானத்தில் கொடுத்த கடலையைக்கூடப் பிரிக்காமல் திரும்பினேன்.

3. கேட்டியில் ஒரு டிரையல் வீடு

விற்பனைக்கு முன்னால் சில வீடுகளில் டிரையல் விட்டார்கள். உள்ளூர் கடை வழியாக, முறையான பேப்பர்களோடு. அதில் ஒருவர் டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் இருந்த பாஸ்கர். எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர், சென்னைக்காரர். விரல் வைத்தால் திறக்கவில்லை என்று அவரிடமிருந்து புகார் வந்தது. தமிழன் வீட்டுக்குத் தமிழன் போகட்டும் என்று கெவின் என்னை அனுப்பினார்.

வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே பாஸ்கர் தோட்டத்தைக் காட்டினார். பீர்க்கங்காய், அவரை, கத்தரி. அவர் விரல் நுனி ரேகையெல்லாம் மண்ணில் தேய்ந்திருந்தது. கோளாறு அதுதான் என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. துப்பாக்கியை எடுத்துவர அவர் மாடிக்குப் போனார்.

அவர் மனைவி வித்யா காபி கொண்டுவந்து வைத்தார். மாடிப் படியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், இது ஒழுங்கா வேலை செய்யுமா? எங்க பொண்ணு நிலா, ஹைஸ்கூல் படிக்கறா. போன வருஷம் அவ சரியாவே இல்ல. யார்கிட்டயும் பேசல, சாப்பிடல. ஸ்கூல் கவுன்சிலர் கூப்பிட்டு, வீட்ல துப்பாக்கி இருக்கான்னுதான் முதல்ல கேட்டாங்க. இப்ப தெரபி போறா, பரவால்ல. வீட்ல வேணவே வேணாம்னு நான் சண்டை போட்டேன். அடுத்த தெருல திருட்டுப் போனதுலேந்து இவர் கேக்கல. கடைசில, அவர் விரலுக்கு மட்டும்தான் திறக்கும்னு இதைக் கொண்டுவந்தார். அதனாலதான் சரின்னேன்."

வேறு யாருக்கும் திறக்காது என்றேன். என் சென்சாரை எனக்குத் தெரியும். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பாஸ்கர் வந்தார். குண்டு அடைக்கும் மேகசினைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்று இருவரும் பார்த்த பிறகு விரலை வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடி சிவப்பு.

"பாத்தீங்களா சார், இதான் ப்ராப்ளம்."

"வாங்கினதுலேந்து ஒரு தடவைகூடத் திறக்கலையா?"

"செட்டப் பண்ணப்ப நல்லா திறந்துது சார். நிலா, இங்க கொஞ்சம் வா."

பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த பெண் பென்சிலோடு வந்தாள். அவளிடம் ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் மேசையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கைப்பிடி மேல் விரலை வைத்தாள்.

பச்சை.

வித்யா கையிலிருந்த காபித் தட்டு மேசையில் சாய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஐ செட் இட் அப்," என்றாள் நிலா மெதுவாக. "அப்பா ஆஸ்க்ட் மீ டு."

நம் வீடுகளில் எந்த மின்சாதனம் வந்தாலும் பெட்டியைப் பிரிப்பது பிள்ளைகள்தான். டிவியோ வைஃபையோ கதவுப் பூட்டோ, அப்பா கையெழுத்துப் போட்டு வாங்குவார், பிள்ளை செட்டப் பண்ணும். பாஸ்கரும் பழக்கத்தில் அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறார். அவளும் வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் தன் விரலையும் பிறகு அவர் விரலையும் பதித்திருக்கிறாள். எங்கள் சாஃப்ட்வேரில் முதலில் பதியும் விரல்தான் அட்மின். அதாவது அந்த வீட்டில் துப்பாக்கிக்கு எஜமானி அவள்தான்.

சென்சார் ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்ன வேலையைக் கச்சிதமாகச் செய்திருந்தது.

4. எடுத்துப்போவதா, விட்டுப்போவதா

"இது இந்த வீட்ல இருக்கக் கூடாது. இன்னிக்கே கடைல திருப்பிக் குடுங்க," என்றார் வித்யா.

"சரி, போகட்டும்," என்றார் பாஸ்கர். "பழசு சேஃப்ல இருக்குல்ல."

"பழசா? அதை வித்தாச்சுன்னீங்களே."

"இது ஃபெயில் ஆனா கைல ஒண்ணு வேணாமா? இதோ ஃபெயில் ஆச்சே."

பழையது என்றால் மாடியில் பெட்டகத்தில் இருந்த சாதாரணத் துப்பாக்கி. எடுத்தவர் யாராக இருந்தாலும் சுடும். எங்கள் கம்பெனியுடையதைத் திருப்பி எடுத்துப்போனால் அந்த வீட்டில் மிஞ்சுவது அதுதான். விட்டுப்போனால் இரண்டும் இருக்கும். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. வாசலுக்குப் போய் கெவினுக்கு ஃபோன் பண்ணினேன். "யூசர் எர்ரர், ரீசெட் பண்ணிட்டு வா," என்றார். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பட்டனைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

நிலாதான் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், கேன் யூ டேக் மீ அவுட்?"

அவள் விரல் பதிவை சாஃப்ட்வேரிலிருந்து நீக்கிவிட்டேன். தானே வைத்துப் பார்த்தாள். சிவப்பு. தலையை ஆட்டினாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, தமிழிலேயே சொன்னாள்.

"சேஃப் நம்பர் என் பர்த்டே. அதையும் மாத்துங்க அப்பா."

பாஸ்கர் உட்கார்ந்துவிட்டார். நம் வீடுகளில் எந்தப் பூட்டுக்கு நம்பர் கேட்டாலும் பிள்ளை பிறந்த தேதிதான் வாயில் வரும். என் வீட்டுக் கராஜுக்கும் அதுதான்.

பிறகு எல்லோரும் மாடிக்குப் போனோம். புது நம்பர் போட அவர் சேஃப் முன்னால் மண்டியிட்டதும், யாரும் சொல்லாமலே நிலா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"டன்?" என்று கேட்டாள்.

"டன்மா," என்றார்.

அந்த இரண்டு துப்பாக்கியும் பிறகு என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. டிரையலிலிருந்து விலகிக்கொள்வதாகக் கம்பெனிக்கு ஒரு வரி மட்டும் வந்தது. கெவினோடு மல்லுக்கட்டி, முதல் விரலாக வாங்குபவர் விரலையே, கடையிலேயே பதிக்கவேண்டும் என்று மாற்றவைத்தேன். அதனால் எவ்வளவு பயன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நியூ ஜெர்சிக் கடைக்காரருக்கும் அந்த டாக்டருக்கும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல முடிவது ஒன்றுதான். யாருக்குத் திறக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். யாருக்குத் திறக்கக் கூடாதோ, அந்த ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். கேட்டி வீட்டில் அவள் அப்பா, அம்மா, நான், கம்பெனி, எல்லோரும் நிலாவைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், துப்பாக்கியும் சேஃபும் தனக்குத் திறக்கும் என்று முதல் நாளே சொல்லியிருப்பாள்.