ஒளிவீரனுக்கு வெயில் காட்டிய கதை

பழைய காமிக்ஸ் விற்கிற தொழிலில், புத்தகத்தைக் காப்பாற்றுவதைவிட அதைத் தேடி வருகிறவர்களிடமிருந்து நம்மைக் காப்பாற்றிக்கொள்வதுதான் பெரும்பாடு. சோதனைக்காலத்தில் வேலை பார்த்து நெஞ்சிடி பட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இரண்டாயிரத்துகளின் நடுவில், ஜெர்மனியின் ஹனோவரில் அப்படியொரு கடையில் எனக்கு ஆறு மாதச் சோதனைக்காலம். வேலை நிரந்தரமானால்தான் விசா நீளும்.

வாய்மொழிப் பரீட்சை

முதல் கிழமையே ஒரு வாடிக்கையாளர், "ஒளிவீரன் வரலாறு தெரியுமா?" என்று கேட்டார். மனப்பாடம் செய்திருந்ததை ஒப்புவித்தேன். இரண்டாம் உலக யுத்தகால அமெரிக்காவில் வரையப்பட்ட காமிக்ஸ் நாயகன். ஆய்வுகூட விபத்தில் உடம்பில் ஒளி ஏறியவன். உள்ளங்கையால் வெளிச்சம் பாய்ச்சி எதிரியின் கண்ணைக் கூசவைப்பான். யுத்தம் முடிய வாசகர்கள் கைவிட்டார்கள், பதிப்பகமும் மூடப்பட்டது, ஆள் அநாதையானான்.

முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "நாலாம் இதழில் அவனுக்கு மேலங்கியே கிடையாது. அதைச் சொல்லவில்லையே!"

மறுபிறவி

பதிப்புரிமை காலாவதியாகிவிட்டதால் ஒளிவீரனை யாரும் வரையலாம் என்றாகிவிட்டது. புதிய பதிப்பகம் ஒன்று அவனுக்குத் தாடியும் துக்கமும் கொடுத்து மறுபடி இறக்கியது. பழைய ரசிகர் ஒருவரும் புதிய ரசிகர் ஒருவரும் கடைக்குள்ளேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கப் போன என்னை, அதே கடையில் வேலை பார்த்த, எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்த சாந்தி அக்கா இழுத்து நிறுத்தினா: "அவங்கள் அடிபடட்டும் தம்பி, நீர் அந்தக் கண்ணாடி அலுமாரியைப் பிடியும்!"

மூன்று நாள் வெயில்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காலமான தன் தம்பியின் ஒளிவீரன் முதல் இதழை விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்தார். சின்ன வீட்டுக்கு மாறுகிறாராம், இடமில்லையாம். கொடுத்த பிறகும் அட்டையைத் தடவிக்கொண்டே நின்றார்.

புத்தகத்தில் நிலவறை மணம். எங்கள் வீட்டில் புத்தகம் மணத்தால் வெயில் காட்டுவோம், பூச்சியும் போகும். முதலாளி விடுமுறையில் இருந்ததால் நானே முடிவெடுத்து, ஜன்னலோரம் மூன்று நாள் வைத்தேன். சிவப்பு மேலங்கி வெளிறி ரோஸ் நிறமாகிவிட்டது. பழைய மைக்கு வெயில் நஞ்சு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சாந்தி அக்கா தலையில் கைவைத்தா: "ஐயோ தம்பி, இதென்ன பனங்கிழங்கு ஒடியலே, வெயில்ல காயப்போட?"

பத்து மணி டெர்மின்

மறுநாள் பத்து மணிக்கு, விலை பேச முன்பே குறித்திருந்த டெர்மினுக்கு ஆசிரியர் வந்தார். முதலாளியும் திரும்பியிருந்தார். "உறையில போட்டுக் குடுத்திட்டுப் பேசாமல் இரும்," என்று அக்கா காதுக்குள் சொன்னா. அப்படி மறைக்க எனக்கு ஏலவில்லை. விசாவும் வேலையும் போனாலும் போகட்டும் என்று, நடந்ததைச் சொல்லிவிட்டேன். முதலாளியின் முகம் கறுத்தது.

ஆசிரியர் உறையைத் திறந்து, வெளிறிய அட்டையை நெடுநேரம் பார்த்தார். பிறகு முதலாளியிடம் மெல்லக் கேட்டார்: "இனி இதை ஒருவரும் வாங்க மாட்டார்கள், இல்லையா? அப்படியென்றால் நான் வீட்டுக்கே கொண்டுபோகலாம்."

அவர் நட்டஈடு கேட்காததால் வேலை நிரந்தரமானது, விசாவும் நீண்டது, ஆனால் அன்றிலிருந்து ஜன்னலே இல்லாத நிலவறைதான் எனக்கு அலுவலகம்.