மூன்று பக்கங்களில் ஒரே வளையம்

தங்கப்பொண்ணு பிறந்தது திருமங்கலத்துக்குத் தெற்கே, பருத்திக்காட்டில் களையெடுக்கும் குடும்பத்தில். அப்பா மலைச்சாமியும் அம்மா இருளாயியும் அடுத்தவர் காட்டில் உழைத்து அவளைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தார்கள். அதற்குமேல் முடியாது என்றபோது அவள் அழவில்லை. திருமங்கலத்தில் டைப்ரைட்டிங் கற்று ஹையர் பாஸ் பண்ணினாள். பிறகு ஒருநாள் மதுரை காளவாசலில், கம்ப்யூட்டரில் அச்சுப்பக்கம் தயாரித்துக் கொடுக்க ஹரிராம் என்பவர் நடத்திய டிடிபி கடைக்கு நேரே போய், "அண்ணே, வேலை இருக்கா?" என்று கேட்டாள். அது 1996.

கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ் என்று நான்கு வருடம் ஓடியது. பக்கங்களைக் கோக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் அவள் கைக்குப் பழகிவிட்டது. 2000இல் கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு பெரிய வேலை வந்தது. எஞ்சினில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களைச் செய்கிற கம்பெனி அது. அவர்களுடைய நூற்று நாற்பத்து மூன்று வகை வளையங்களுக்கும் படத்தோடு ஒரு கேட்டலாக் வேண்டும். பம்புக்கு உள்ளவை, டிராக்டருக்கு உள்ளவை, லாரிக்கு உள்ளவை என்று மூன்று சாக்குகளில் வளையங்களையே அனுப்பிவிட்டார்கள். தங்கப்பொண்ணு ஒவ்வொன்றாக ஸ்கேனர் கண்ணாடியில் வைத்துப் படமெடுத்தாள். சாக்குக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று படங்களுக்குப் பெயர்.

அவள் கோத்த பக்கங்களுக்குள் படம் முழுதாக இருக்காது. எந்த ஃபோல்டரில் என்ன பெயரில் இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும். அதனால் சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பும்போது படங்களும் கூடப் போகவேண்டும். மூன்று ஃபோல்டர்களில் இருந்ததையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினாள். இதே பெயரில் ஒரு படம் ஏற்கெனவே இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டிவிட்டாள். சிடி எழுதினாள். டிஸ்கில் இடமில்லை என்று பழைய ஃபோல்டர்களையும் அழித்துவிட்டுக் கிளம்பினாள்.

பத்து நாளில் சரிபார்க்க மாதிரி அச்சு, புரூஃப், வந்தது. கம்பெனி ஆபீசில் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். சிவகாசிக்குத் திருப்பி அனுப்புமுன் தங்கப்பொண்ணு ஒருமுறை புரட்டினாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு லாரி வளையத்தின் ஓரம் மெல்லிய கோடு ஒன்று வளைந்து கிடந்தது. ஸ்கேனரில் விழுந்த அவளுடைய தலைமுடி. படமெடுத்தபோதே பார்த்தாள், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தாள். நான்காம் பக்கத்தில், பம்பு வளையத்திலும் அதே முடி. பத்தொன்பதாம் பக்கத்தில் டிராக்டர் வளையத்திலும்.

ஓடிப்போய் ஃபோல்டரைத் திறந்து எண்ணினாள். நூற்று நாற்பத்து மூன்று இருக்கவேண்டிய இடத்தில் அறுபதுதான் இருந்தது. ஒரே பெயரில் இருந்தவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அழிந்துபோயிருந்தன.

ஹரிராமிடம் சொன்னாள். அவர் புரூஃபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவுகளே கையெழுத்துப் போட்டுட்டாகல்லம்மா? எல்லாம் கருப்பு வளையந்தான். எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"வாங்குறவன் கண்டுபிடிப்பாண்ணே. படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவான், வேற என்னத்தையாச்சும் கொண்டுபோய் மாட்டுவான்."

"அதுக்காக? அவுககிட்டப் போய் என்னன்னு சொல்லுவ?"

"நான்தான் அழிச்சேன்னு சொல்றேன்."

"நான் வரலம்மா. நீயே போய்ச் சொல்லு."

"சரிண்ணே. காலையில நேரா அங்கிட்டுப் போயிட்டு வாரேன்."

தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற கப்பலூரில் மறுநாள் முதல்முறையாக இறங்கினாள். ஸ்டோர் பொறுப்பாளர் ராஜகுரு, ஐம்பது வயது மனிதர், அவள் சொன்னதைக் கேட்டதுமே எரிந்து விழுந்தார்.

"சாக்குல திரும்பி வந்ததையெல்லாம் பெட்டியில கொட்டியாச்சு. மறுபடி தேடிக் குடுக்க எனக்கு வேற சோலி இல்லையா?"

"நீங்க தேட வேணாம் சார். பெட்டி எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க."

"ஆயிரக்கணக்குல கெடக்கும்மா."

"கெடக்கட்டும் சார்."

"யாரு பண்ணுன தப்பு இது?"

"நான் பண்ணுனதுதான்."

ராஜகுரு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் எறும்பளவு எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நம்பரைச் சீட்டில் எழுதி, நூலால் வளையத்தோடு கட்டிப் பையில் போட்டாள். கையெல்லாம் கருப்பு. சோறு தின்னும்போதும் ரப்பர் வாடை போகவில்லை. இரண்டாம் நாள் மத்தியானத்துக்குமேல் ராஜகுரு பெட்டிகளைத் தானே அவள் பக்கம் நகர்த்தி வைக்க ஆரம்பித்தார். எண்பத்து மூன்றில் எண்பது கிடைத்தன. மீதி மூன்றை இப்போது செய்வதில்லை, மாதிரிக்குக்கூட ஒன்று இல்லை என்றார். முடி விழுந்த வளையத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பி எல்லாவற்றையும் புதிதாகப் படமெடுத்தாள். வளையத்தின் நம்பரே இப்போது படத்தின் பெயர். ஒரு வளையத்தின் நம்பர் இன்னொன்றுக்கு வராது. மீதிப் பழைய படங்களுக்கும் அப்படியே பெயர் மாற்றினாள். பக்கங்கள் இருந்த ஃபோல்டருக்குள்ளேயே படங்களை வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் விலாசத்தைத் திருத்தினாள். சிடி எழுதியதும் ஆரப்பாளையத்தில் தெரிந்த ஒரு கடைக்குக் கொண்டுபோய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் போட்டு, கடைசிப் பக்கம் வரை படம் சரியாக வருகிறதா என்று பார்த்தாள். வந்தது.

"அந்த மூணுக்கும் அதே மாதிரி இருக்கறத எடுத்து வச்சுரும்மா" என்றார் ஹரிராம்.

"இல்லாதத இல்லைன்னே போடுவோம்ணே."

'படம் இல்லை' என்று மூன்று கட்டங்களோடுதான் கேட்டலாக் அச்சானது. கம்பெனி முதலாளி முகம் சுளித்தார். மாற்றச் சொல்லவில்லை. அடுத்த பதிப்புக்கு ராஜகுரு போன் பண்ணியபோது, ஹரிராமிடம் "அந்தப் பொண்ணு இருக்காளாப்பா?" என்றுதான் முதலில் கேட்டார்.

2004இல் கம்பெனியிலேயே கேட்டலாக்குக்கும் வரைபடங்களுக்கும் தனியாக ஒரு அறை போட்டு, தங்கப்பொண்ணைக் கூப்பிட்டார்கள். ஹரிராம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்கு அவசரம்னா வருவியாம்மா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

புது அறையில் முதல் நாள் கம்ப்யூட்டரைப் போட்டபோது திரையில் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2' என்றே பதினாலு ஃபோல்டர்கள் இருந்தன. தங்கப்பொண்ணு துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, நாற்காலியை முன்னே நகர்த்தி, முதல் ஃபோல்டரைத் திறந்தாள்.