கரடி இறங்கிய சரிவு

"கரடி நடமாட்டம். யாரும் தனியாகப் போக வேண்டாம்" என்று இன்று காலையிலேயே எங்கள் கோத்தகிரி வாட்ஸப் குழுவில் செய்தி. எங்கள் ஊரில் கரடி வருவது பால்காரர் வருவது மாதிரிதான், யாரும் அலட்டிக்கொள்வதில்லை. எனக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கண்டாலே பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்துவிடும். அது வேறு கரடி. சொல்கிறேன், கேளுங்கள்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் பேர்வழி என்று கட்டபெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அலைந்த காலம். தலைப்பில் 'பாலின நீதி' என்று போட்டுக்கொண்ட பெருமை வேறு! முதல் நாளே மேல்சரிவிலிருந்து "கரடி... கரடி..." என்று குரல். கொழுந்து பறித்த பெண்கள் மளமளவென்று ஒன்றாகக் கூடிவிட்டார்கள். நானோ ஒற்றைச் செருப்போடு லாரி நின்ற இடம்வரை ஓடிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால், குடையை ஊன்றிக்கொண்டு சூப்பர்வைசர் இறங்கி வருகிறார். கொழுந்து பறிக்கும் சரோஜாக்கா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"இது சம்பளம் வாங்குற கரடி கண்ணு. தனியா சிக்குனா கைய வெச்சுரும்."

ஆடி மாதம். சாரலும் பனியுமாக இருந்த ஒரு நாள், வேலைக்குப் புதிதாக வந்த ராணியை மட்டும் ஓடையோரத் துண்டு நிலத்துக்கு அனுப்பினார் அந்த ஆசாமி. "போய்ப் பறி, வந்து பாக்கறேன்." சற்று நேரத்தில் குடையும் அந்தப் பக்கம் இறங்கியது. பிறகு பனி மூடிக்கொண்டது. பாடிக்கொண்டே பறிக்கிற பெண் அவள், பாட்டு பாதியில் நின்றுபோயிற்று.

"கரடி" என்றாள் சரோஜாக்கா, மெதுவாகத்தான். வாய்க்கு வாய் அந்தச் சொல் சரிவு முழுக்கப் போனது. கூடைகளை அப்படியே போட்டுவிட்டு அத்தனை பேரும் இறங்கினார்கள். பின்னாலேயே நானும்தான். ராணியின் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது.

"ஏனுங்க, இங்க கரடி வந்துச்சாமுங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள் சரோஜாக்கா அவரிடம்.

யாரும் சிரிக்கவில்லை. கையை விட்டார். குடையை எடுக்கக்கூட மறந்து மேலேறிப் போனார்.

காலையில் வந்த செய்தியைப் பார்த்ததும் மனசு கேட்காமல் இன்று அந்த எஸ்டேட்டுக்குப் போனேன். சரோஜாக்கா கூட்டமெல்லாம் எப்போதோ வேலையை விட்டுப் போயாயிற்று. வடக்கிலிருந்து வந்த பெண்கள், இலை வெட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில். அந்த இரைச்சலில் பாட்டாவது, பேச்சாவது! ஓடையோரத் துண்டில் ஒரு சின்னப் பெண் தனியாக நின்றாள். மேலேயிருந்து ஒரு குடை அவளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"கரடி! கரடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தியும் திரும்பவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது.

செருப்பை உதறிவிட்டுக் கீழே ஓட ஆரம்பித்தேன். எனக்கு முன்னால் பனி இறங்கிக்கொண்டிருந்தது.